காசைக் கடித்தது யார்?

பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் உப்புநீர் ஏரி அது. இந்தியாவில் இவ்வகை ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. கரையோரக் குப்பங்களில் விடிந்ததும் விடியாததுமாக இறாலும் நண்டும் மடவையும் விலைக்கு வந்துவிடும். ஈரக் கையிலிருந்து ஈரக் கைக்குக் காசு மாறும் இடம்.

அத்தகைய குப்பம் ஒன்றில் உங்கள் வயதுள்ள ஒரு மாணவனுக்கு, நண்டு விற்ற சில்லறையோடு ஒரு விசித்திரமான நாணயம் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் நாணயந்தான். ஆனால் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. பிஸ்கட்டை யாரோ ஒரு கடி கடித்தாற்போல் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர், "இது செல்லாதுப்பா, வேறே கொடு" என்று திருப்பித் தந்துவிடுகிறார். நண்பன் ஒருவனோ, "இது நாணயச்சாலையில் நேர்ந்த பிழை, லட்ச ரூபாய்க்கு வாங்க ஆள் இருக்கிறது, கைப்பேசியில் பார்த்தேன், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டவேண்டும்" என்கிறான்.

பதிவுக் கட்டணம் என்ற சொல் காதில் விழுந்ததும் எச்சரிக்கையாகிவிட வேண்டும். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. நண்டு விற்ற வீட்டுப் பணம் அப்படிப் போய்விடக்கூடாது. சாதாரணப் பிறை வெட்டுள்ள நாணயத்துக்குச் சேகரிப்பவர்கள் உண்மையிலேயே விலை கொடுப்பார்கள். ஆனால் அது லட்சக் கணக்கில் இருக்காது.

விலை கிடக்கட்டும். நமக்கு வேண்டியது வேறொரு கேள்வி. அந்தத் துண்டு நாணயச்சாலையிலேயே இல்லாமல் போயிற்றா, அல்லது பிறகு யாரேனும் அரத்தால் ராவி எடுத்தார்களா? இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வெர்னியர் அளவி, பள்ளியிலுள்ள பௌதிகத் தராசு, அதே வகையைச் சேர்ந்த நல்ல நாணயம் ஒன்று. இவை போதும். ஆனால் அதற்கு முன் நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உருக்கிய உலோகத்தை உருளைகளுக்கிடையே செலுத்தி, வேண்டிய கனத்துக்கு நீண்ட பட்டையாக்குகிறார்கள். அந்தப் பட்டை ஓர் அழுத்து இயந்திரத்துக்குள் படிப்படியாக நகர்ந்து செல்கிறது. ஒவ்வொரு முறை நின்றதும் மேலிருந்து உருளை வடிவ வெட்டுக்கருவிகள் இறங்கி, வட்ட வில்லைகளை வெட்டித் தள்ளுகின்றன. இந்த வில்லைகளில் எழுத்தும் கிடையாது, சிங்கமும் கிடையாது. சேலம் உருக்காலையில் இவ்வாறு துருப்பிடிக்காத எஃகுப் பட்டையிலிருந்து நாணய வில்லைகளை வெட்டி, இந்திய அரசின் நாணயச்சாலைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வில்லைகள் போனபின் மிஞ்சும் பட்டையைப் பார்த்தால் வட்டக் கண்கள் கொண்ட வலை போலிருக்கும். பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பட்டை நகரவேண்டிய தூரம் நகராமல் சற்றுக் குறைவாக நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வெட்டு, முன்பு வெட்டிய துளையின் மேல் கொஞ்சம் ஏறி விழும். துளையில் உலோகம் இல்லை. எனவே புதிய வில்லையின் ஓரத்தில் அந்தத் துளையின் வளைவு அப்படியே குறைவாக அமைந்துவிடும். பிறை வெட்டு பிறக்கும் விதம் இதுதான். கடித்தது யாருமில்லை, பக்கத்து வில்லை முன்பு இருந்த இடந்தான் கடித்தது! பட்டையின் பக்க ஓரத்தைத் தாண்டி வெட்டு விழுந்தால் பிறைக்குப் பதிலாக நேர்க்கோட்டுக் குறை வரும்.

அம்மா பூரி மாவைத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டும்போது பாருங்கள். ஒரு வட்டம் முந்திய வட்டத்தின் மேல் ஏறினால் இதே பிறை கிடைக்கும்.

வெட்டிய வில்லை நேரே அச்சுக்குப் போவதில்லை. முதலில் உலையில் சூடாக்கி மென்மைப்படுத்துகிறார்கள். கழுவி மெருகேற்றுகிறார்கள். விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் உருட்டுகிறார்கள். கடைசியாகத்தான் ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளால் ஓங்கி அழுத்துகிறார்கள். உண்மையான பிறை வெட்டு இத்தனைக்கும் முன்பே வில்லையில் இருந்தது. போலிப் பிறையோ இத்தனையும் முடிந்தபின் வந்தது. ஆகவே நாம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: வெட்டு முதலா, அச்சு முதலா? பிறையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவார்கள். விடை பெரும்பாலும் பிறைக்கு வெளியே இருக்கிறது.

பிறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில், சுழலும் சக்கரத்துக்கும் அசையாத பள்ளத் தகட்டுக்கும் இடையே வில்லை உருண்டு செல்கிறது. இடைவெளி வில்லையின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால் ஓரம் நசுங்கி மேலெழுந்து வரப்பாகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் இது நடக்கும். பிறையுள்ள இடம் சக்கரத்தின் பக்கம் வரும்போது அங்கே பிடிப்பு இல்லை. 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 3 மில்லிமீட்டர் பிறை என்றால், அந்தக் கணத்தில் குறுக்களவு 22 மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் அழுத்தமில்லை என்றால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தமில்லை. எனவே பிறைக்கு நேர் எதிரே வரப்பு சரியாக எழாமல் மெலிந்தோ மங்கியோ இருக்கும். ஆங்கிலத்தில் நாணயச் சேகரிப்பாளர்கள் இதை 'பிளேக்ஸ்லி விளைவு' என்கிறார்கள். அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர்ப்பக்க வரப்பு முழுமையாக இருக்கும். பித்தலாட்டக்காரனுக்கு அந்தப் பக்கம் நினைவுக்கே வருவதில்லை!

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. பிறை மிகச் சிறியதாக இருந்தால் எதிர்ப்பக்கத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பெரிய பிறைகளிலும் எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே தளர்ச்சி இருந்தால் அது நல்ல சாட்சி. இல்லை என்பதற்காக மட்டும் நாணயத்தைப் போலி என்று தள்ளிவிடக்கூடாது.

இரண்டாவது சாட்சி பிறையின் அருகிலுள்ள எழுத்துகள். அச்சு அழுத்தும்போது உலோகம் கெட்டியான மாவைப் போல நகர்கிறது. எல்லாப் பக்கமும் வளையம் தடுப்பதால் அது அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி எழுத்தாகிறது. பிறையுள்ள இடத்தில் மட்டும் தடுப்பு இல்லை. அங்கே உலோகம் மேலே ஏறுவதற்குப் பதிலாகக் காலி இடத்தை நோக்கிச் சரிகிறது. அதனால் பிறையை நெருங்க நெருங்க எழுத்துகள் சற்று இழுபட்டு, உயரம் குறைந்து, மங்கிப்போகும். விளிம்பு வரப்பும் பிறையின் இரு முனைகளை நோக்கிப் படிப்படியாக மெலியும். அச்சடித்த பின் வெட்டியதானால், எழுத்து முழு உயரத்தோடு வந்து வெட்டுக்கோட்டில் திடீரென்று அறுபட்டு நிற்கும். சுவரொட்டியைக் கத்தரித்தால் எழுத்து பாதியில் நிற்பதைப் போல. என் கணிப்பில், எல்லாச் சோதனைகளிலும் நம்பத்தக்கது இதுவே. எதிர்ப்பக்க வரப்பைக்கூட ஒருவன் ராவி மெலிதாக்கிவிட முடியும். எழுத்துகளை இயல்பாகச் சரியவிடுவது கைவேலைக்குள் அடங்காது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஏரிக் களிமண்ணையோ கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவையோ கனமாகத் தட்டி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய மூடியால் இரண்டு வில்லைகள் வெட்டுங்கள். ஒன்றில் அதே மூடியால் பிறை எடுத்துவிடுங்கள். வில்லை சரியாக அடங்கும் ஒரு வளையத்துக்குள் ஒவ்வொன்றையும் வைத்து, மேலே நாணயத்தை வைத்து அழுத்துங்கள். பிறகு முழு வில்லையிலிருந்தும் ஒரு பிறையை வெட்டி எடுங்கள். இப்போது உண்மையும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழுத்துகளின் வித்தியாசம் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

மூன்றாவதாக, வெட்டின் பக்கவாட்டுச் சுவர். வெட்டுக்கருவி பட்டைக்குள் இறங்கும்போது முதலில் உலோகத்தை வழவழப்பாக அரிந்துகொண்டு போகிறது. பாதி வழியில் மீதி உலோகம் தாங்காமல் முறிந்துவிடுகிறது. எனவே அந்தச் சுவரில் ஒரு பகுதி பளபளப்பாகவும் மறுபகுதி சொரசொரப்பாகவும் இருப்பதுண்டு. மெருகேற்றும் கட்டத்தைக் கடந்து வந்ததால் அதன் நிறமும் மங்கலும் நாணயத்தின் மற்றப் பகுதிகளை ஒத்திருக்கும். அரம் பட்டதென்றால் இணையான கீறல்கள் தெரியும். விளிம்பில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டும். பழைய நாணயத்தில் அந்த இடம் மட்டும் புதுசாக மின்னும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உண்மையான பிறை, பக்கத்து வில்லையின் துளை. எனவே அதன் வளைவின் ஆரம் நாணயத்தின் ஆரத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். எளிய வழி, அதே வகை நல்ல நாணயத்தைப் பிறைக்குள் பொருத்திப் பார்ப்பது. உருண்டை அரத்தால் குடைந்த குழியில் அது பொருந்தாது. அளந்தும் பார்க்கலாம். பிறையின் இரு முனைகளுக்கு இடையேயான தூரம் ஒரு நாண். அந்த நாணின் நடுவிலிருந்து வளைவின் ஆழம் வரை வில்லின் உயரம். நாணின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் வரும்.

1992 முதல் வெளிவந்த எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். நம் மாணவனின் நாணயம் அந்த வகை என்று கொள்வோம். நாண் 11.9, உயரம் 1.5 மில்லிமீட்டர் என்று அளந்திருக்கிறான். 11.9-இன் வர்க்கம் 141.6. அதை 12-ஆல் வகுத்தால் 11.8. அதனுடன் 0.75 கூட்டினால் 12.55. நாணயத்தின் ஆரம் 12.5. நன்றாகப் பொருந்துகிறது! ஆனால் அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். உயரத்தை அளக்கும்போது 0.1 மில்லிமீட்டர் தவறி 1.4 என்று குறித்திருந்தால் ஆரம் 13.3 என்று வந்திருக்கும். சிறிய அளவில் நேரும் சிறிய பிழை விடையில் எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். ஐந்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லும் ஆசிரியரை இனி நீங்கள் குறைசொல்ல மாட்டீர்கள். மேலும், ஒரு கெட்டிக்காரன் நாணய அளவுள்ள வெட்டுக்கருவியாலேயே போலிப் பிறை வெட்டினால் இந்தச் சோதனையில் அவன் தேறிவிடுவான்.

எடை போட்டுப் பார்த்தால்? சமமான இரண்டு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று 3 மில்லிமீட்டர் ஏறி நிற்கும்போது பொதுவான பரப்பு சுமார் 24 சதுர மில்லிமீட்டர். முழு நாணயத்தின் பரப்பு 491 சதுர மில்லிமீட்டர். எனவே ஏறத்தாழ 4.9 சதவிகிதம், அதாவது 0.24 கிராம் குறைந்து, நாணயம் 4.61 கிராம் இருக்க வேண்டும். பிறையின் ஆழம் 3-க்குப் பதில் 1.5 மில்லிமீட்டர் ஆனால் குறைவு பாதியாகாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகி 0.085 கிராம் ஆகும். ஏன் என்று மேல் வகுப்பு மாணவர்கள் யோசிக்கட்டும்.

இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. பிறகு வெட்டியிருந்தாலும் எடை அதே அளவுதான் குறையும்! ஆகவே எடை, உண்மையையும் போலியையும் பிரித்துச் சொல்லாது. அது வேறொரு கள்வனைக் காட்டிக்கொடுக்கும். உப்புநீரில் நெடுநாள் கிடந்த செம்பு அல்லது அலுமினிய நாணயத்தின் ஓரம் அரித்து, குழிவாகிப் பிறை போலவே தோன்றுவதுண்டு. அப்போது அரிப்பு ஓரத்தோடு நிற்காமல் முகத்தையும் தின்றிருக்கும். பிறையின் கணக்குக்கு வரும் குறைவைவிட எடை மேலும் குறைந்திருந்தால், கடித்தது உப்புதான் என்று சந்தேகிக்கலாம். ஏரிக்கரையில் இதை மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னவை வட்ட நாணயங்களுக்கு. முன்பு புழங்கிய சதுர 5 பைசா, நெளி விளிம்புள்ள 10 பைசா, அறுகோண 20 பைசா ஆகியவற்றுக்கு வட்டக் கணக்கைப் போடுவது சரியாகாது.

பழவேற்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கிடைக்கும் காசு சுதந்திர இந்தியாவின் காசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1613-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே ஜெல்ட்ரியா என்ற கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். செப்புக் காசுகளும் பொன் நாணயங்களும் அங்கேயே அச்சிட்டார்கள். கோட்டை இன்று இடிபாடுதான். டச்சுக் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன.

அந்த நாட்டுச் செப்புக் காசு ஒன்றில் ஓரம் குறைந்திருந்தால் அது பிழையா? இல்லை. அக்காலத்து அடிகாசுகளில் வட்டமான வில்லை என்ற கட்டாயமே கிடையாது. செப்புத் துண்டைக் கீழ் அச்சின்மேல் வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். பெரும்பாலும் துண்டைவிட அச்சு பெரியது. உருவத்தில் ஒரு பாதிதான் காசில் விழும். வளையமும் இல்லை, விளிம்பு உயர்த்தும் இயந்திரமும் இல்லை. எல்லாக் காசுமே கோணல் என்றால் கோணலைப் பிழை என்று எப்படிச் சொல்வது? இன்னும் பின்னே போனால், நம் நாட்டின் மிகப் பழைய வெள்ளி முத்திரைக் காசுகளில் மூலைகளை வேண்டுமென்றே வெட்டியிருப்பதைக் காணலாம். தகட்டிலிருந்து அரிந்த துண்டின் எடையைச் சரிசெய்யவே அப்படிச் செய்தார்கள். அங்கே வெட்டுதான் ஒழுங்கு!

ஹாலந்து, ஜீலாந்து, உட்ரெக்ட் முதலிய டச்சு மாகாணங்களில் 1726 முதல் அச்சிட்டுக் கப்பலில் ஆசியாவுக்கு அனுப்பிய 'டூயிட்' என்ற செப்புக் காசுகள் நடுத்தரமானவை. கம்பெனியின் முத்திரையாக ஒரு பெரிய 'வி' எழுத்தின் இரு கால்களில் 'ஓ', 'சி' என்ற எழுத்துகள் கோத்திருக்கும். தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய வில்லைகளால் ஆனவை என்பதால் இவற்றில் உண்மையான பிறை வெட்டு நேர்ந்திருக்கக் கூடும். ஆனால் எதிர்ப்பக்க வரப்பை வைத்து இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எழுத்தின் சரிவையும் வெட்டுச் சுவரின் நிறத்தையும் பாருங்கள்.

ஓரத்தை வெட்டுவது ஒரு காலத்தில் திருட்டுத் தொழிலாகவே இருந்ததையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, காசை முழு விலைக்குச் செலவழித்தார்கள். 1696-இல் பழைய காசுகளை எல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுதான் ஐசக் நியூட்டன் லண்டன் நாணயச்சாலையில் அதிகாரியாகச் சேர்ந்தார். நாணயங்களின் ஓரத்தில் வரிவரியாகக் கோடுகள் போடும் வழக்கத்துக்கு இந்தத் திருட்டைத் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். ஒரு துணுக்கை எடுத்தாலும் கோடு அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நம் மாணவனின் நாணயத்துக்குத் திரும்புவோம். எழுத்துகள் பிறையை நோக்கிச் சரிந்து மங்கி, எதிர்ப்பக்க வரப்பும் மெலிந்து, வெட்டுச் சுவரில் அரக் கீறல் இல்லாமல், வளைவும் பொருந்துமானால், அது நாணயச்சாலைக்கு வில்லையாகப் போனபோதே குறையோடு போனது என்று துணிந்து சொல்லலாம். எழுத்து கூராக அறுபட்டிருந்தால் மற்ற மூன்றும் எப்படி இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். வளைவு மட்டும் சற்றே பொருந்தாமல் மற்றவை சரியாக இருந்தால் மறுபடி அளக்கச் சொல்வேன்; அச்சடிக்கும்போது உலோகம் பிறைக்குள் கொஞ்சம் பிதுங்கி வளைவை மாற்றியிருக்கலாம். சோதித்துப் பார்க்கும் ஆசையில் நல்ல நாணயத்தை வெட்டிப் பார்க்க வேண்டாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். களிமண் வில்லையை எத்தனை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

ஏரிக்கரையில் பழைய செப்புக் காசு அகப்பட்டால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வீட்டுக் குடத்துக்கு அது சரி. காசின் மேலுள்ள பச்சையும் கருமையும் நெடுங்காலம் படிந்த சாட்சிகள். புளியின் அமிலம் அவற்றை ஒரே நிமிடத்தில் அழித்துவிடும், வெட்டு பழையதா புதியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எங்கே எப்போது கிடைத்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்து, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசானால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே நாணயவியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது உங்கள் அளவுகளையும் எடையையும் குறித்த தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.